பலாலிப் பயணமும் பசித்த வழிகாட்டியும்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோருக்குச் சொல்வதற்குக் கதைகள் குறைவதில்லை. புகைவண்டியில் இடம் கிடைத்த கதை, கிடைக்காத கதை, இரவுப் பேருந்தில் உறங்கிய கதை, உறங்காத கதை என்று ஒவ்வொருவரிடத்தும் ஒன்று உண்டு. நான் இங்கே கூற வந்தது அவற்றினின்றும் சற்று வேறானது. அண்மையில் இரத்மலானையிலிருந்து பலாலிக்கு, நால்வர் மாத்திரம் அமரத்தக்க சிறியதொரு விமானத்திலே சென்றுவந்தேன். அப்பயணத்தில் எனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை ஒன்றே ஒன்று. வழிகாட்டும் டெப் கணினியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மின்சாரம் தீர்ந்துபோகாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வேலையையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. அதனால் விளைந்ததையும் அதிலிருந்து கற்றதையும் நேயர்களுக்குச் சொல்லுதல் நன்று என்று கருதுகிறேன்.

பழைய வழி

இவ்வான்வழி நேற்று உண்டானதன்று. இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27ஆந் திகதி. சென்னையிலிருந்து வந்த சிறு விமானம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 டிசம்பர் 10ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அந்நாளில் வழங்கிய பலாலி நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட பலாலி ஓடுபாதை அதன்பின் எத்தனையோ நிலைமைகளைக் கண்டது. 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது.

நாங்கள் சென்றது செஸ்னா 172 என்னும் வகையைச் சேர்ந்த விமானம். 1955ஆம் ஆண்டில் முதன்முதற் பறந்த இவ்வகையில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் இதுவரை செய்யப்பட்டுள்ளன. உலகில் வேறெந்த வகை விமானமும் இவ்வளவு தொகையாகச் செய்யப்பட்டதில்லை. மேலே சிறகு, முன்னே ஒரு காற்றாடி, உள்ளே பழைய மொரிஸ் மைனர் காரின் அகலம். இரண்டு பேர் அருகருகே அமர்ந்தால் தோளோடு தோள் உராயும்.

ஓட்டியவன் என் தமக்கையின் மகன். விமானமோட்டும் உரிமம் பெற்றவன். பறப்பு மணித்தியாலங்களைச் சேர்த்துக்கொண்டிருப்பவன். உரிய அனுமதிகளைப் பெற்று, விமானத்தை வாடகைக்கு எடுத்து, "மாமா, பக்கத்து இருக்கை வெறுமையாகத்தான் போகிறது, வாருங்கள்" என்று அழைத்தான். அறுபது வயதைக் கடந்தவனுக்கு இதைவிட வேறென்ன அழைப்பு வேண்டும்?

மடியில் ஒரு வழிகாட்டி

ஐபாட் என்னும் டெப் கணினி 2010ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அது பிள்ளைகள் விளையாடுவதற்கும் பெரியவர்கள் பத்திரிகை படிப்பதற்கும் உரியது என்று நாம் நினைத்திருக்க, விமானிகள் அதனை வேறு கண்கொண்டு பார்த்தனர். வான்வழிப் படங்கள், நிலையங்களின் விவரங்கள், வானிலை அறிக்கை என்று அவர்கள் ஒரு பெரிய பையில் சுமந்த காகிதங்கள் அனைத்தும் அதற்குள் அடங்கின. அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் தன் விமானிகளின் 35 இறாத்தல் நிறையுடைய காகிதப் பைகளுக்குப் பதிலாக டெப் கணினிகளைக் கொடுத்தது. பெரிய விமானங்களுக்கு முன்பே சிறிய விமானங்களில் அது புகுந்துவிட்டது. செய்மதிகளிலிருந்து வரும் சைகைகளைப் பெற்று, படத்தின்மேல் நாம் இருக்கும் இடத்தை ஒரு சிறு விமான வடிவாகக் காட்டும். எத்தனை அடி உயரம், என்ன வேகம், இன்னும் எத்தனை நிமிடம் என்பனவெல்லாம் அதிலே தெரியும்.

ஆனால் எந்த வழிகாட்டிக்கும் பசி உண்டு. இதற்கு உணவு மின்சாரம். பறக்கும்போது இதன் பசி வீட்டில் இருப்பதைவிடப் பெரிது. விமானத்தின் உள்ளே வெளிச்சம் மிகுதியாகையால் திரையை முழு ஒளியில் வைக்காவிட்டால் ஒன்றுந் தெரியாது. இடத்தைக் கணிக்கும் கருவியோ ஒரு கணமும் ஓய்வதில்லை. ஆகவே வீட்டில் பத்து மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும் கருவி, வானத்தில் நான்கு மணித்தியாலத்திலேயே களைத்துவிடக்கூடும்.

முதல் நாள் இரவு

புறப்படுவதற்கு முதல் நாள் மாலையில் மருமகன் அதனை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து என்னிடம் தந்தான். "நூறு வீதம் மின்னேற்றியிருக்கிறேன், மாமா. நாளைக்கு இதை நீங்கள்தான் வைத்திருக்கப் போகிறீர்கள். கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்" என்றான்.

பழகினேன், அளவுக்கு மிஞ்சியே பழகினேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் பலாலி ஓடுபாதைக்குத் தெற்கே, அதிகந் தொலைவில் இல்லாத ஒரு கிராமம். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், வலிகாமம் வடக்கு மக்களோடு மக்களாக நாங்களும் வெளியேறினோம். பல்லாண்டுகள் கழித்துக் காணி திரும்பக் கிடைத்தபோது அங்கே வீடு இருக்கவில்லை. கிணறு மாத்திரம் இருந்தது. அந்தக் கிணற்றை ஒருமுறை வானத்திலிருந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. டெப் கணினியின் செய்மதிப் படத்தில் அதனைத் தேடிக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு சிவப்புக் குறி இட்டேன். பின்னர் அயல் வளவுகளைத் தேடினேன். படித்த பள்ளிக்கூடத்தைத் தேடினேன். தேடத் தேட ஊர் முழுவதும் திரையில் விரிந்தது, நள்ளிரவு கடந்தது. மின்னேற்றியைச் செருகிவிட்டே உறங்கினேன். ஆயினும் சுவரில் இருந்த ஆளியைப் போட மறந்துவிட்டேன்! விடியற்காலையில் இரத்மலானைக்குச் செல்லும்போதும் காரில் இருந்தபடி இன்னொருமுறை ஊரைப் பார்த்தேன். விமானத்தில் ஏறும்போது எஞ்சியிருந்தது 46 வீதம்.

மருமகன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றுஞ் சொல்லவில்லை. அவன் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கவலை வேண்டாம், தம்பி. இதோ இருக்கிறது" என்று நான் முதல் நாள் தெருவோரக் கடையில் வாங்கிய மின்னேற்றியை எடுத்துக் கொடுத்தேன். கார்களின் சிகரெட் லைற்றர் சொக்கற்றில் செருகுவது அது. விமானத்திலும் அத்தகைய சொக்கற் ஒன்று இருந்தது. அவனோ அதன் பக்கத்தில் இருந்த சிறிய எழுத்துக்களைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தான். "இதில் 12 வோல்ற்று என்று மாத்திரம் எழுதியிருக்கிறது. காருக்கு அது போதும். இந்த விமானத்தின் மின்னமைப்பு 28 வோல்ற்று. இதைச் செருகினால் மின்சாரம் வருவதற்கு முன் புகை வரும்" என்றான். பழைய சிறு விமானங்கள் சிலவற்றில் 14 வோல்ற்றும் பிற்பட்டவற்றில் 28 வோல்ற்றும் இருக்குமாம். எந்த விமானத்துக்கு எது என்று தெரியாமல் எதனையும் செருகலாகாது.

அவனிடத்தில் லொறிகளுக்கும் பொருந்தக்கூடிய பழைய மின்னேற்றி ஒன்று இருந்தது. கைத்தொலைபேசிக்காக வாங்கியது. அதையே செருகினோம். டெப் கணினியின் மூடியைக் கழற்றிப் பின்னிருக்கைப் பைக்குள் வைக்கச் சொன்னான். அம்மூடி காந்தத்தினால் ஒட்டிக்கொள்வது. திசைகாட்டியின் அருகே காந்தம் வரலாகாது.

கடலோரமாக

காலை எட்டு மணிக்கு ஓடுபாதையை விட்டு எழுந்தோம். கட்டுநாயக்கா நிலையத்துக்கு வந்துபோகும் பெரிய விமானங்களுக்கு இடையூறில்லாதபடி, கட்டுப்பாட்டாளர்கள் பணித்தவாறே கடலோரமாகச் சென்றோம். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தீப்பெட்டிக் குச்சிகளாகத் தெரிந்தன. நீர்கொழும்புக் களப்பும் அதன் வாயில் மீன்பிடி வள்ளங்களும் கடந்து, 3,500 அடி உயரத்தில் சிலாபத்தை நோக்கிப் பறந்தோம்.

அப்போது ஒரு தொல்லை தொடங்கிற்று. செவிக்கருவியில் வண்டு இரைவதுபோல ஓர் ஓசை. கட்டுப்பாட்டாளர் சொல்வது இரைச்சலுக்குள் அமிழ்ந்தது. மருமகன் உடனே மின்னேற்றியைச் சொக்கற்றிலிருந்து இழுத்தான். வண்டு பறந்துவிட்டது! இத்தகைய மின்னேற்றி, மின்சாரத்தை ஒரு செக்கனில் பல்லாயிரந் தடவை வெட்டி வெட்டியே குறைந்த வோல்ற்றுக்குக் கொண்டுவருகிறது. நன்கு கவசமிடப்படாத மலிவான கருவியாயின், அந்த வெட்டலின் சத்தம் வானொலியில் ஏறிவிடும். கட்டுப்பாட்டாளருடன் பேசி முடிக்கும்வரை அது கழன்றே கிடந்தது. பேச்சு முடிந்தபின் மீண்டும் செருகினோம்.

புத்தளக் களப்பு இடதுபுறம் வெள்ளித் தகடாக விரிந்தது. அதன் ஓரத்தில் உப்பளங்கள் சதுரஞ் சதுரமாக இருந்தன. களப்புக்கு அப்பால், கற்பிட்டிக் குடாநாட்டிலே நுரைச்சோலை அனல் மின்னிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி தெரிந்தது. இலங்கையின் மிகப் பெரிய அனல் மின்னிலையம் அது. 300 மெகாவாற்று வீதம் மூன்று தொகுதிகள். மொத்தம் 900 மெகாவாற்று. ஒரு டெப் கணினிக்கு 15 வாற்று என்று கொண்டால், ஒரே நேரத்தில் ஆறு கோடி கணினிகளுக்கு அது மின்னேற்றலாம். என் மடியில் இருந்த ஒன்றோ 36 வீதத்துக்கு இறங்கியிருந்தது! காவிரியின் கரையில் நின்று தாகத்தால் வருந்துபவனைப் போல இருந்தேன்.

"செருகித்தானே இருக்கிறது, தம்பி? பின்னர் ஏன் இறங்குகிறது?" என்று கேட்டேன்.

"அது தருவது 5 வோல்ற்றில் 1 அம்பியர். அதாவது 5 வாற்று. கணினி இப்போது செலவழிப்பது எட்டோ ஒன்பதோ வாற்று" என்றான் அவன்.

கணக்கு எனக்கு விளங்கிற்று. எங்கள் ஊர்த் தோட்டங்களில் துலா மிதித்த காலத்தில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு அது. ஊற்று ஐந்து பட்டை நீர் தர, நாம் ஒன்பது பட்டை இறைத்தால் கிணறு வற்றாமல் என்ன செய்யும்? மின்னேற்றி செருகியிருக்கிறது என்பது வேறு. மின்னேறுகிறது என்பது வேறு. திரையின் மூலையில் இருக்கும் சிறிய மின்னல் அடையாளத்தைக் கண்டு பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

திரை இருண்டது

கற்பிட்டியைக் கடந்ததும் வில்பத்துக் காடு தொடங்கியது. 1938ஆம் ஆண்டில் தேசிய வனமாக்கப்பட்ட அப்பெருங்காட்டை நிலத்திலிருந்து பார்த்தவர்கள் உண்டு. வானத்திலிருந்து பார்த்தால் கரும்பச்சைக் கம்பளத்தில் யாரோ கண்ணாடித் துண்டுகளைச் சிதறவிட்டாற்போல வில்லுகள் என்னும் நீர்நிலைகள் மின்னும். அன்றோ வெயிலின் தூசுமங்கல் எங்கும் பரவியிருந்தது. ஐந்தாறு மைலுக்கு அப்பால் கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன.

வடக்கு நோக்கிச் செல்லும் விமானத்தில் காலை வெயில் வலப்புறமாக, அதாவது என் பக்கத்துச் சாளரத்தின் வழியாக வரும். ஒரு மணித்தியாலமாக அது என் மடியில் இருந்த கரிய திரைமீது விழுந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லாக இருந்தது. திரை தானாகவே மங்கிற்று. மின்னேறுவதும் நின்றுவிட்டது. நாம் அறியவேண்டியது என்னவெனில், இக்கருவிகள் ஏறக்குறைய 35 பாகை செல்சியசுக்கு உட்பட்ட சூழலுக்காகச் செய்யப்பட்டவை. வெயிலின் சூடு, உள்ளே கணிப்பின் சூடு, மின்னேறுவதால் உண்டாகும் சூடு என்னும் மூன்றும் ஒன்றுசேர்ந்தால், தம் மின்கலத்தைக் காத்துக்கொள்வதற்காக முதலில் மின்னேற்றத்தை நிறுத்தும். பின்னர் திரையை மங்கச்செய்யும். கடைசியில் கண்ணை மூடிக்கொள்ளும்.

எனக்கோ பதற்றம். மடியில் சூடாகிறது என்று எண்ணி, அதனை எடுத்து முன்கண்ணாடியின் கீழே உள்ள தட்டின்மீது வைத்தேன். அறிவீனத்திலும் பெரிய அறிவீனம் அது. விமானத்திலேயே வெயில் மிகுதியாக விழும் இடம் அதுதான். அது போதாதென்று, அதற்கு மேலே தொங்கிய திசைகாட்டி உடனே அசைந்து இருபது பாகை திரும்பிற்று! மூடியைக் கழற்றினாலும் கணினிக்கு உள்ளேயும் காந்தங்கள் இருக்கின்றன அல்லவா? மருமகன் ஒரு கையால் அதனை எடுத்து என்னிடமே தந்தான். திசைகாட்டி தன் இடத்துக்குத் திரும்பிற்று. ஆனால் அரிப்புக் கரையை அணுகும் வேளையில் திரை முற்றாக இருண்டது. வெப்பநிலை தணியும்வரை பயன்படுத்த இயலாது என்ற அறிவிப்பு மாத்திரம் அதில் நின்றது.

என் நெஞ்சும் இருண்டது. மங்கலுக்குள் பறக்கிறோம், வழிகாட்டியை நான் கொன்றுவிட்டேன், பக்கத்தில் இருப்பவன் என் தமக்கையின் ஒரே மகன். இவ்வளவும் ஒரு கணத்தில் என் மனத்தில் ஓடின.

அவனோ முழங்காலுக்கு அருகே இருந்த மட்டையைத் திருப்பினான். அதிலே மடித்த காகிதப் படம் ஒன்று. இரத்மலானையிலிருந்து பலாலிவரை பென்சிற்கோடு. கோட்டின் ஓரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு குறுக்குக் கீற்று. ஒவ்வொரு கீற்றின் பக்கத்திலும் ஓரிடத்தின் பெயரும், அதனைக் கடக்கவேண்டிய நேரமும், கடந்த நேரமும் எழுதியிருந்தன. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவன் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறான், நான் கவனிக்கவில்லை.

"மாமா, இடப்பக்கம் ஓர் ஆறு கடலோடு சேர வேண்டும். தெரிகிறதா?"

குனிந்து பார்த்தேன். "தெரிகிறது."

"அருவியாறு. இன்னும் நாலைந்து நிமிடத்தில் வலப்பக்கம் பெரிய குளம் ஒன்று வரும்."

வந்தது. கட்டுக்கரைக்குளம்! வயல்களுக்கு நடுவே, மங்கலுக்குள்ளும் மறையாத அகன்ற நீர்ப்பரப்பு. அதனைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எந்தத் திரையும் தந்திருக்காது. பண்டை அரசர் பயிருக்காகக் கட்டிய குளம் அன்று எங்களுக்கு வழிகாட்டியது.

பயந் தெளிந்தபின் ஒரு கேள்வி கேட்டேன். "விமானத்தின் மின்சாரமே போய்விட்டால் எஞ்சின் நின்றுவிடுமா?" நில்லாதாம். இத்தகைய எஞ்சினில் மக்னீற்றோ என்னும் கருவிகள் இரண்டு உண்டு. எஞ்சின் சுழலும் வேகத்திலிருந்தே அவை தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும். பற்றரியையோ மின்பிறப்பாக்கியையோ அவை எதிர்பார்ப்பதில்லை. ஆனால் மின்பிறப்பாக்கி பழுதுபட்டால், பற்றரியில் எஞ்சிய மின்சாரத்தை வானொலிக்கென்று சேமிக்க வேண்டும். அவ்வேளையில் டெப் கணினியை அதிலிருந்து கழற்றிவிடுவதே முதல் வேலை. அப்போது அது தன் சொந்தப் பலத்தில் நிற்கவேண்டும். ஆகையால்தான் புறப்படும்போது நூறு வீதம் இருக்கவேண்டும் என்று அவன் விரும்பியிருக்கிறான். அவன் சொல்லவில்லை, நானே உணர்ந்துகொண்டேன்.

சிறகின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று வரும் துளை ஒன்று என் தலைக்கு அருகே இருந்தது. கணினியை அதற்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கச் சொன்னான். ஐஸ் பெட்டியில் வைத்துத் திடீரெனக் குளிரச்செய்யலாகாது. உள்ளே நீர்த்துளி படியும். மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் நெடுஞ்சாலையை இடப்பக்கத்தில் வைத்துக்கொண்டு சென்றோம். 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம், நீலத் துணியில் இட்ட வெள்ளைத் தையல்போலத் தெரிந்தது. களப்பைக் கடந்தோம். பனைகள் தோன்றின. செம்மண் தோன்றியது.

என் கண்கள் ஊரைத் தேடின. கையில் இருந்த திரை இன்னும் விழிக்கவில்லை. சிவப்புக் குறி அதற்குள்ளேயே உறங்கிற்று. கீழே எங்கும் செம்மண் தோட்டங்கள், எங்கும் கிணறுகள், எங்கும் பனைகள். பிறந்து வளர்ந்த ஊர் இவற்றில் எது? எனக்குத் தெரியவில்லை. குறி இருக்கிறது என்ற துணிவில், ஊரை மேலிருந்து எவ்வாறு அறிவது என்று நான் எண்ணியே பார்க்கவில்லை. சக்கரம் ஓடுபாதையைத் தொட்டது. கணினி அப்போதுதான் கண் விழித்தது.

பலாலியில் ஒரு பாடம்

அன்று மாலை, தேநீர் அருந்தும்போது, "இனி என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். அவன் சொன்னவற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். காரிலே நெடுந்தூரம் செல்வோருக்கும் இவற்றிற் பல பயன்படும்.

முதலாவது, நிறைகுடமாகப் புறப்படுதல். பயணத்தில் மின்னேற்றலாம் என்ற நம்பிக்கையில் அரைகுறையாகக் கிளம்பலாகாது. இரண்டாவது, மின்னேற்றி கணினியின் செலவைவிடக் கூடுதலாகத் தரவேண்டும். 5 வோல்ற்றில் 2.4 அம்பியர், அதாவது 12 வாற்று தருவதாயினும் வேண்டும். அதனிலும் மேலானால் நன்று. அது அந்த வாகனத்தின் வோல்ற்றுக்கு உரியதா என்று படித்துப் பார்க்க வேண்டும். வடமும் நல்லதாக இருக்கவேண்டும். நீண்டு மெலிந்த வடம் வழியிலேயே மின்சாரத்தை இழந்துவிடும். வானொலியில் இரைகிறதா என்பதை நிலத்தில் நிற்கும்போதே சோதித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பவர் பேங்க். 20,000 மில்லியம்பியர் மணி என்று குறித்த ஒன்றில் 74 வாற்று மணி மின்சாரம் இருக்கும். டெப் கணினியின் மின்கலம் 28 வாற்று மணி அளவினதாயின், இடையில் ஏற்படும் இழப்புப் போக, இரண்டு தடவை நிரப்பலாம். விமானத்தின் மின்சாரத்தை அது நம்பியிருப்பதில்லை. வானொலியிலும் இரைவது அரிது. பயணிகள் விமானங்களிலும் 100 வாற்று மணிக்கு உட்பட்டதைக் கையோடு கொண்டுசெல்லலாம். ஆனால் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். இலிதியம் மின்கலம் சூடேறினால் உடனே தெரியவேண்டும் அல்லவா? பொதிகளுக்குள் அதைப் புதைக்கலாகாது.

நான்காவது, பசியைக் குறைத்தல். படங்களை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, வேண்டாத தொடர்புகளை நிறுத்திவிட வேண்டும். திரையின் ஒளியை வேண்டிய அளவுக்கே வைக்க வேண்டும். ஐந்தாவது, நிழல். வெயில் விழாத பக்கத்தில், உறையைக் கழற்றி, காற்றுப் படும்படி வைக்க வேண்டும்.

"ஆறாவது?" என்றேன், அவன் நிறுத்தியதைக் கண்டு.

மேசையில் இருந்த பென்சிலை எடுத்து என் பக்கமாக உருட்டினான்.

திரும்பும் வழியில்

இரண்டு நாட்கள் ஊரில் நின்றேன். ஒரு நாளை முழுவதும் நடந்தே கழித்தேன். கையில் ஒரு காகிதம். கோயிற் கோபுரத்தைக் குறித்தேன். அதன் அருகே நாற்சதுரமான கேணியைக் குறித்தேன். கேணியிலிருந்து வடக்கே சென்று முழங்கைபோல வளையும் தெரு முடக்கைக் குறித்தேன். முடக்கிலிருந்து மூன்றாவது வளவு எங்களுடையது. இத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னரும் கால்கள் அவ்வழியை மறக்கவில்லை. ஆனால் எத்தனை அடி, எந்தத் திசை என்று ஒருநாளும் நான் அளந்து பார்த்ததில்லை. ஊரின் வடிவத்தை அன்றுதான் கற்றேன் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாட் காலை புறப்பட்டோம். கணினியில் நூறு வீதம். யாழ்ப்பாண நகரில் வாங்கிய பவர் பேங்க் ஒன்று என் சட்டைப் பையில். திரையின் ஒளி முக்காற் பங்கு. கடலை நோக்கி எழுந்து, வலப்புறமாகத் திரும்பித் தெற்கே வந்தபோது என் பக்கத்துச் சாளரத்தின் கீழே நிலம் மெல்லச் சாய்ந்தது. விமானப் படையினரின் தளமும் அங்கேயே இருப்பதால் படம் பிடிக்க எண்ணவில்லை. கண் போதும் என்றிருந்தேன்.

கோபுரம் தெரிந்தது. அதன் பக்கத்தில் பச்சைக் கண்போலக் கேணி. கேணியிலிருந்து வடக்கே தெரு. தெருவின் முடக்கு. ஒன்று, இரண்டு, மூன்று. செம்மண்ணுக்கு நடுவே ஒரு சிறு வட்டம். அதற்குள் வானத்தின் ஒரு துண்டு ஒருமுறை மின்னி மறைந்தது. காலைச் சூரியன் அந்தத் தண்ணீரில் பட்டிருக்க வேண்டும்.

"கண்டீர்களா, மாமா?"

"கண்டேன்" என்றேன். அதற்குமேற் பேச முடியவில்லை. மருமகனும் கேட்கவில்லை. செவிக்கருவியில் எஞ்சினின் ஓசை மாத்திரம் ஒலித்தது.

மடியில் இருந்த திரையில் சிவப்புக் குறியும் அதே இடத்தைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. அதன் பிழை ஒன்றுமில்லை. அது நல்ல வேலைக்காரன். வேளைக்கு உணவு கொடுத்து, வெயிலிலே வாட்டாமல் வைத்தால் சொன்னதைச் செய்யும். இரத்மலானையில் இறங்கும்போதும் அதில் 91 வீதம் இருந்தது. வழி முழுவதும் காகிதத்தில் நேரங்களை எழுதியவன் இம்முறை நான். மன்னார்த் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் 30 காற்றாலைகளும், மங்கல் இல்லாத அந்தக் காலையில், எங்கள் வலப்பக்கத்தில் ஆறுதலாகச் சுழன்றன. அவற்றைக் கடந்த நேரம் 9 மணி 4 நிமிடம் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அன்றிரவு வெள்ளவத்தையில் டெப் கணினியை மின்னேற்றியோடு இணைத்தேன். சுவரில் உள்ள ஆளியைப் போட்டேன். விளக்கை அணைத்துப் படுத்தபின் மறுபடியும் எழுந்துசென்று, அது போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே உறங்கினேன்.